பொட்டு வைக்காத டிரிம்மர்

அடுத்த மாதம் நாங்கள் பெரம்பலூருக்குக் குடிபோகிறோம். மகளுக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. நம் தையல் கம்பெனியின் செக்கிங் மேஜையில் என் நாற்காலிக்கு உங்களில் ஒருத்தி வரப்போகிறாள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் என்னைக் கேட்டீர்கள்: "அக்கா, ஒரு பீஸைப் பாஸ் பண்றதா நிறுத்துறதான்னு எப்படிக்கா முடிவு பண்றீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. செந்துறை பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, எனக்கே பதில் தெரியவில்லை என்று தோன்றியது. ஆனால் ஒரு தடவை முடிவு செய்ய வேண்டி வந்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தையலை எப்படிப் பார்ப்பது, மின்னும் டேப் நேராக ஓடுகிறதா என்று எப்படி அளப்பது என்பதெல்லாம் நாலைந்து நாளில் கைக்கு வந்துவிடும். அதற்கு என் எழுத்து வேண்டாம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் எதையும் சந்தேகப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் முன்பு பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பேன், கொடுத்த பிறகும் படிப்பேன். "நீ போலீஸ்ல சேந்திருக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர். சந்தேகப்பட்டதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதனால் என் சந்தேகத்தையே சந்தேகப்படுகிற பழக்கமும் எனக்கு வந்துவிட்டது. இது உங்களுக்கும் வரும். இந்த மேஜை அப்படிப்பட்டது.

நாய்ச் சட்டை ஆர்டர் வந்த புதிதில் கூடம் முழுக்கச் சிரிப்பு. "எங்க வூட்டு ஆளுக்கே தீவாளிக்குத்தான் சட்டை, நாய்க்கு என்னாடி வருசம் பூரா?" என்று ஓவர்லாக் மிஷினிலிருந்து ஒரு குரல் வரும். "அது வெளிநாட்டு நாயிடி, உன் வூட்டு ஆளு மாதிரி சும்மா படுத்துக் கெடக்காது" என்று எதிர்வரிசையிலிருந்து பதில் போகும். எதற்காக இந்தச் சட்டை என்று முதலில் யாருக்கும் தெரியாது. பிறகு முதலாளி மேடம்தான் கூப்பிட்டுச் சொன்னார். சட்டை வாங்குகிற நாடுகளில் நாய்கள் காட்டுக்குள் ஆட்களுக்கு முன்னால் போய்ப் பன்றியைக் கிளப்புமாம். புதருக்குள் நாய் எது பன்றி எது என்று துப்பாக்கிக்காரனுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஆரஞ்சு நிறமும் மின்னும் டேப்பும். பன்றி திரும்பிக் கோரைப்பல்லால் கிழித்தால் நெஞ்சும் வயிறும் தப்ப வேண்டும். அதற்கு உள்ளே ஒரு வெள்ளைத் துணி.

அந்த வெள்ளைத் துணிக்கு நாங்கள் வைத்த பெயர்தான் கல்லுத்துணி. கத்திக்குக்கூட அசையாது. அதை அடுக்கி வெட்டும் மிஷினின் பிளேடு சீக்கிரமே தேய்ந்துவிடும். பைப்பிங் ஓரத்தில் அதன் இழைகள் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நறுக்குவது நம் வேலை. இரண்டு நாள் நறுக்கினால் போதும், டிரிம்மர் என்கிற நம் சின்ன நூல்கத்தரி மழுங்கி, சாதா நூலைக்கூட மென்று துப்பும். அதனால்தான் சாணை பிடிக்கிறவர் வாரா வாரம் நம் கேட்டுக்கு வருகிறார். கூடத்தில் பாதிப்பேர் அவரைத் திட்டுவார்கள், மீதிப்பேர் கல்லுத்துணியைத் திட்டுவார்கள்.

எங்களில் அந்தச் சட்டையைப் பார்த்துச் சிரிக்காதவள் வளர்மதி ஒருத்திதான். அப்போது என் பக்கத்து நாற்காலி. ஜெயங்கொண்டம் பக்கம் அவள் ஊர். அவள் வீட்டுக்காரர் ராசு அண்ணன் ஒரு பெரிய முந்திரிக்காட்டுக்குக் காவல். காட்டை ஒட்டி மக்காச்சோளக் கொல்லைகள். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் பன்றிகள் பகலெல்லாம் முந்திரிக்குள் படுத்துக் கிடந்து, பொழுது சாயும்போது கொல்லைக்குள் இறங்கும். இறங்குவதற்கு முன்பே நாயை விட்டுக் கிளப்பி ஓடை பக்கம் விரட்டுவது அவருடைய வேலை. நாயின் பெயர் செவலை. நிறமும் அதுதான். முந்திரிச் சருகின் மேல் அது படுத்திருந்தால் மிதித்த பிறகுதான் தெரியும் என்பாள் வளர்மதி. அந்த வருடம் பக்கத்துக் காட்டு நாயைப் பன்றி வயிற்றில் கிழித்துப் போட்டுவிட்டது. அதிலிருந்து ராசு அண்ணன் செவலையைக் கயிற்றிலிருந்து அவிழ்ப்பதில்லை. கயிற்றோடு குரைக்கிற நாயைப் பன்றிகள் மதிக்கவும் இல்லை.

"இதுல ஒண்ணு கெடச்சா எங்க செவலைக்குப் போட்டுரலாம்டி" என்று ஒவ்வொரு பீஸையும் தடவிக்கொண்டே சொல்வாள். ரிஜெக்ட் ஆன பீஸைக்கூட வெளியே கொடுக்க மாட்டார்கள், வெட்டித்தான் போடுவார்கள். அவளும் கேட்டதில்லை.

இப்போது அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

பூஜைக்கு முந்தின நாளிலிருந்து நாலு நாள் நான் லீவு. பாப்பாவுக்குக் காய்ச்சல். என் டிரிம்மர் என் கைப்பையிலேயே, பாப்பாவின் மருந்துச் சீட்டோடு கிடந்தது. இங்கே வழக்கம்போல எல்லாம் நடந்திருக்கிறது. கூடத்தைக் கழுவி விட்டார்கள். கத்தரி, டிரிம்மர் எல்லாவற்றையும் மொத்தமாகச் சாணை பிடித்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மிஷினுக்கெல்லாம் புது ஊசி. வெட்டுகிற மிஷினுக்குப் புது பிளேடு. ஸ்டோரைக் காலி செய்து ஒட்டடை அடித்து, ரோல்களைத் துடைத்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. எல்லோருக்கும் பொரியும் கடலையும் பை நிறையக் கொடுத்தனுப்பினார்கள்.

நான் திரும்பி வந்தபோது நாய்ச் சட்டையில் புது லாட் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் பேக்கிங்குக்குப் போய்விட்டது. உட்கார்ந்து முதல் பீஸை எடுத்தேன். தையல் சுத்தம். டேப் நேர். ஓரத்து மீசையை நறுக்கினேன். சட்டென்று அறுந்தது. அடுத்த பீஸ், அதுவும்.

அதற்குப் பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அது என்னுடைய பழைய டிரிம்மர். லீவுக்கு முன்பே மழுங்கிப்போய், சாணைக்குக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தது.

"என் டிரிம்மர் எப்படி வெட்டுது வளரு?" என்றேன்.

"வெட்டுனா நல்லதுதானே. எனக்கும் வெட்டுது. பூஜ போட்டதுல்ல."

"என்னோடதுக்குப் பூஜ போடலயே. பாரு, பொட்டே இல்ல."

"பொட்டு வைக்காததுக்கே இந்த வெட்டா? அப்ப சரஸ்வதி உன் பையிலதான்டி குடியிருக்கா" என்று சிரித்தாள். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் கை நிற்கவில்லை. மேஜைக்கு அடியில், வெட்டிப் போடுவதற்காக வைத்திருந்த பழைய ரிஜெக்ட் ஒன்று கிடந்தது. பூஜைக்கு முன்பு தைத்தது. அதன் ஓர மீசையில் என் டிரிம்மரை வைத்தேன். வழுக்கியது. இழை மடங்கிக்கொண்டு வெளியே வந்தது. புது பீஸில் வைத்தேன். அறுந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மற்ற எந்த வாரமாக இருந்தாலும் கூடத்தில் யாராவது ஒருவர் "என்ன இது, ஈசியா வெட்டுது" என்று கேட்டிருப்பார்கள். அந்த வாரத்தில் மட்டும் கேட்க மாட்டார்கள். வெட்டும் மிஷினில் இருந்தவர் புது பிளேடு என்று நினைத்தார். தையல் மிஷினில் இருந்தவர்கள் புது ஊசி என்று நினைத்தார்கள். செக்கிங்கில் சாணை என்று நினைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நல்ல காரணம் இருந்தது. என் கையில் மட்டும் இல்லை.

சூப்பர்வைசரிடம் போனேன். அவர் நல்லவர்தான், ஆனால் கன்டெய்னர் வண்டி வருகிற நாளில் அவரிடம் யாரும் எதையும் பேச முடியாது.

"சார், உள்துணி மாறியிருக்குமோன்னு தோணுது."

"தோணுதா, தெரியுதா?"

"வெட்டுது சார்."

"வெட்டுறதுக்குத்தானம்மா டிரிம்மர். புது ரோலு, கொஞ்சம் சாஃப்டா வந்திருக்கும். வெயிட் சரியா இருக்கா? அளவு சரியா இருக்கா? பாஸ் பண்ணு. வண்டி வந்துடும்."

"ஒரு பீஸப் பிரிச்சுப் பாத்துரலாமா சார்?"

"பாஸான பீஸப் பிரிக்கிறதுக்கு மேடம் சொல்லணும். மேடம் திருச்சியில இருக்காங்க, போன எடுக்கல. நான் சொன்னா நான் பதில் சொல்லணும். நீ போய் உக்காரும்மா, வண்டி வந்துடும்."

போய் உட்கார்ந்தேன். வெயிட் போட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. மாறிப்போனது என்றால், யாரோ அதே எடைக்குப் பார்த்துப் பார்த்து மாற்றியது போல இருந்தது.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தனியாக உட்காராது, ஆள் தேடும். எனக்குக் கிடைத்த ஆள் கட்டிங் மாஸ்டர். கல்லுத்துணி விலை கூடின துணி. அந்த ரோலைத் தொடுகிறவர் அவர். இரண்டு மூன்று நாளாகவே மேஜைப் பக்கம் வந்து வம்பு பேசவில்லை என்றார்கள். காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அவருடைய பைக்கின் பின்னால் பெரிய வெள்ளை மூட்டை ஒன்று கட்டியிருந்தது. கயிறு போட்டு இறுக்கி, மேலே சாக்கு போர்த்தி. என்னைப் பார்த்ததும் சாக்கை இழுத்து மூடினார் என்று எனக்குத் தோன்றியது. சூப்பர்வைசர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பதும் அந்தச் சாக்கோடு சேர்ந்துகொண்டது. ஸ்டோர் கதவு வேறு அன்று பூட்டியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொரு பக்கம், நான் ஒரு பைத்தியக்காரி என்றும் தோன்றியது. ராத்திரியெல்லாம் பாப்பாவுக்கு நெற்றியில் துணி போட்டவள். கண் சிவந்திருந்தது. இந்த நிலையில் ஒரு லாட்டை நிறுத்தி, அது சரியான துணி என்று தெரிந்தால்? அந்த ஆர்டர் கையை விட்டுப் போனால் இந்தக் கூடத்தில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும்? எனக்கு இருக்காது, அது நிச்சயம். அதனால் மனதுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது. என் கடமை முடிந்தது. வெளிநாட்டில் எங்கோ ஒரு நாய், எங்கோ ஒரு பன்றி.

சாப்பாட்டுக்குப் பிறகு வளர்மதி ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். என் காதில் வந்து சொன்னாள்:

"ஒண்ணு தெரியுமா? நேத்து மேடம் எனக்கு ஒரு சட்ட குடுத்தாங்க. நம்ம ஊரு நாயி காட்டுக்குள்ள போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி போட்டோ வேணுமாம், வாங்குறவங்களுக்கு அனுப்ப. போட்டோ எடுத்துட்டு நீயே வச்சிக்கன்னுட்டாங்கடி!"

"எந்த லாட்டு?"

"இதேதான். சூடா பேக்கிங்கிலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க."

"செவலைக்குப் போட்டாச்சா?"

"காலையிலயே போட்டாச்சு. மாப்ள மாதிரி நிக்குது. எங்க வூட்டுக்காருக்கு ஒரே குஷி. இனிமே எதுக்குக் கயிறுன்னு கேக்குறாரு. இன்னக்கிப் பொழுது சாய, கொல்லக்காரங்க எல்லாம் சேந்து பன்னியக் கிளப்பப் போறாங்க. செவலைதான் முன்னாடி போவப்போவுது."

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு என் வீட்டுக்காரர் ரோட்டோரக் கடையில் ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தார். ரோஜா நிறம், பொம்மைப் படம். அதுவரை பாப்பாவை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, சைக்கிளுக்குக்கூட வழிவிட்டு ஓட்டுகிற மனுஷர். ஹெல்மெட் மாட்டின அன்றைக்கு அரியலூர் ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரியை ஒடித்து முந்தினார். பின்னால் உட்கார்ந்து நான் கத்தினேன். "அதான் ஹெல்மெட் போட்ருக்கால்ல" என்றார். வீட்டுக்கு வந்து அந்த ஹெல்மெட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் டப்பா மாதிரி உள்ளே போய்விட்டு வெளியே வந்தது. ஹெல்மெட் இல்லாதபோது பாப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவருடைய பயம். அந்த டப்பா அதைக் கழற்றி வைத்துவிட்டது.

வளர்மதி "இனிமே எதுக்குக் கயிறு" என்றதும் எனக்கு அந்த லாரிதான் கண்ணில் வந்தது. எங்கோ ஒரு நாய் இல்லை இது. செவலைக்கு அதுவரை இருந்த கயிற்றை நம்முடைய சட்டை அவிழ்த்துவிட்டது.

பேக்கிங் பக்கம் போய், பாஸ் ஆகி மடித்து வைத்த பீஸ் ஒன்றை எடுத்தேன். நெஞ்சுப் பக்கத் தையலைப் பிரிக்கவில்லை. பிரித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆரஞ்சுத் துணியின் மேலேயே டிரிம்மரைக் குத்தி இழுத்தேன். அந்த மழுங்கின டிரிம்மர் ஆரஞ்சைக் கிழித்து, உள்ளே இருந்த வெள்ளையையும் கிழித்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"என்னம்மா பண்ற நீ!" என்று சூப்பர்வைசர் ஓடிவந்தார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"பாருங்க சார். இது கல்லுத்துணி இல்ல."

வளர்மதி எழுந்து வந்தாள். கிழிந்த பீஸை வாங்கி விரலை உள்ளே விட்டாள். விரல் அந்தப் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்து ஓடினாள். நம் போன்களெல்லாம் செக்யூரிட்டியிடம்தானே இருக்கின்றன.

கட்டிங் மாஸ்டர் வந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன தெரிகிறது என்று. அவர் பீஸை வெளிச்சத்தில் பிடித்தார், வெள்ளைத் துணியின் ஓரத்தைக் கசக்கினார், பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார்.

"இது ஸ்கூல் பேக் ஆர்டர்ல மிஞ்சுன துணில்ல? ரெண்டு ரோலு கெடந்துச்சே" என்றார். பிறகு மெதுவாக, "பூஜைக்குத் தொடைக்கிறப்ப அழுக்குக் கவரு எல்லாத்தையும் உருவிப் போட்டோம். துணிப் பேரு எழுதுன சீட்டு அந்தக் கவருல இருந்துச்சு. அப்பறம் பொட்டு வச்சு அடுக்குனது யாரு... நானும்தான் இருந்தேன்."

ஸ்டோரைத் திறந்தார்கள். உள்ளே வெள்ளை ரோல்கள் வரிசையாக, சுத்தமாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குங்குமப் பொட்டோடு நின்றன. எல்லாம் ஒரே மாதிரி. மாஸ்டர் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கத்தரியை வைத்துக்கொண்டே போனார். கடைசியில், மூலையில் இருந்ததில் கத்தரி வழுக்கியது. கல்லுத்துணி அங்கேதான் இருந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை.

வளர்மதி கேட்டிலிருந்து திரும்பி வந்தாள். "மணி அடிக்குது, எடுக்கல. காட்டுக்குள்ள போயிட்டாருன்னா எடுக்க மாட்டாரு. சத்தம் வருமுன்னு சைலன்ட்ல போட்டுருவாரு."

"வண்டியில ஏறு" என்றார் மாஸ்டர்.

அதே பைக். பின்னால் இருந்த வெள்ளை மூட்டையை அவிழ்த்துக் கேட்டுக்குள் தூக்கிப் போட்டார். மூட்டை ஒரு ஓரத்தில் பிரிந்து, பொரி கொட்டியது. "மச்சான் வூட்டு ஆட்டுக்குட்டிக்கு வச்சிருந்தேன். செக்யூரிட்டி, பாத்துக்கய்யா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நான் போகவில்லை. பைக்கில் இடம் இல்லை. அதோடு, கொஞ்ச நேரத்தில் கன்டெய்னர் வண்டி வந்துவிட்டது. சூப்பர்வைசர் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம் இன்னும் போன் எடுக்கலம்மா. வண்டியத் திருப்பி அனுப்புனா என்ன ஆவும் தெரியுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. பெட்டிகள் வாசல் பக்கம் அடுக்கியிருந்தன. நான் போய் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பேக்கிங்கிலிருந்து ஒரு பெண் வந்து அடுத்த பெட்டியில் உட்கார்ந்தாள். பிறகு ஓவர்லாக் வரிசையிலிருந்து இரண்டு பேர். சுமை ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். "யக்கா, உங்களையும் சேத்தே ஏத்திரவா?" என்றார் டிரைவர். மேடம் போன் எடுக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் எடுத்ததும் சூப்பர்வைசர் சொன்ன முதல் வார்த்தை, "மேடம், லாட்ட நான் நிறுத்திட்டேன்." அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அப்படிச் சொன்னது நல்லதுக்குத்தான், பதில் சொல்ல ஓர் ஆள் கிடைத்தாரே.

காட்டில் நடந்ததை வளர்மதி மறுநாள் சொன்னாள்.

"நாங்க போறதுக்குள்ள கிளப்பிட்டாங்கடி. தகரம் தட்டுற சத்தம் ரோட்டு வரைக்கும் கேக்குது. நான் 'செவலைய விடாத, செவலைய விடாத'ன்னு கத்திக்கிட்டே ஓடுறேன். அந்த மனுசன் என்ன நெனச்சிக்கிட்டாரு தெரியுமா? போட்டோ எடுக்க ஆள் வருது, நான் விடச் சொல்றேன்னு நெனச்சிக்கிட்டாராம்! கைய வேற ஆட்டுறாரு. முந்திரிக்குள்ள ஆரஞ்சு மட்டும் தெரியுது, ஓடுது, நிக்குது, ஓடுது. அப்பறம் ஒரு கத்தல்."

பன்றி செவலையின் நெஞ்சில் அடித்திருக்கிறது. ஆரஞ்சு தெரிந்ததால் ராசு அண்ணன் உடனே போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய செவலையாக இருந்தால் சருகுக்குள் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். மாஸ்டர் தன் சட்டையைக் கழற்றிக் கட்டு போட்டாராம். பைக்கில் நடுவில் நாயை வைத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டார்கள். ஆழம் கொஞ்சம் கூடியிருந்தால் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

"சட்ட போட்டுருக்குன்னுதானே விட்டேன்" என்று ராசு அண்ணன் அன்றைக்கு ராத்திரி திரும்பத் திரும்பச் சொன்னாராம். என்னைத் தூங்க விடாத வாக்கியம் அது.

மாஸ்டரைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பதை அவரிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒருநாள் மேஜைக்கு வந்து, "என்னாம்மா, இன்னக்கி என் பைக்குல என்ன இருக்குன்னு பாக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மூட்டையில் பொரிதான் இருந்தது. மூட்டை அடிவரைக்கும் பொரிதானா என்று நான் பார்க்கவில்லை. இப்படி எழுதுவது தப்புதான். ஆனால் இந்த மேஜையில் உட்கார்ந்த பிறகு புத்தி இப்படித்தான் போகிறது. உங்களுக்கும் போகும். ஆளைச் சந்தேகப்படுகிற வேகத்தில் துணியை விட்டுவிடாதீர்கள். நான் அன்று ஸ்டோர் கதவையும் பைக்கையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பீஸைக் கிழித்திருந்தால் செவலைக்குத் தையல் வேண்டியிருக்காது.

பாஸ் ஆன பீஸைச் செக்கிங்கில் இருக்கிறவர்களே பிரித்துப் பார்க்கலாம் என்று மேடம் அதற்குப் பிறகு மாற்றிவிட்டார். நீங்கள் அதை ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருக்கிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆயுத பூஜைக்குச் செக்கிங்கில் ஒரே ஒரு டிரிம்மரை மட்டும் சாணைக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதைப் பார்த்து, "இதுக்கு மட்டும் ஏன்க்கா பொட்டு வைக்கல?" என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் காரணம். அதைக் கொடுத்துவிடாதீர்கள். மழுங்கியே இருக்கட்டும்.

காயம் ஆறின பிறகு மேடம் செவலைக்கு வேறு சட்டை கொடுத்தார். கல்லுத்துணி போட்டது. வளர்மதி அதை வீட்டுக்குக் கொண்டுபோனதும், ஆரஞ்சைப் பார்த்த நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். ராசு அண்ணனுக்கும் அந்தச் சட்டை மேல் நம்பிக்கை இல்லை. "நீங்க செக் பண்ணீங்களா, இல்ல அந்த சார் பண்ணாரா?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து டிரிம்மரை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை ஒதுக்கிவிட்டு, முந்திரிக்கிளை கழிக்கிற அரிவாளை எடுத்துவந்தார். உள்துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்து அறுத்துப் பார்த்தார். துணி அறுபடவில்லை. மூச்சு வாங்கியபடி, "சரி, சட்ட இருக்கட்டும். கயிறும் இருக்கட்டும்" என்றார்.

செவலை கட்டிலை விட்டு வரவில்லை. "உன்ன மாதிரியே ஆயிடுச்சுடி அது. பேசாம உன் நாற்காலியில கொண்டாந்து உக்கார வச்சிருவோம்" என்றாள் வளர்மதி.

இப்போது அது சட்டை போட்டுக்கொள்கிறது. கொல்லைக்குப் போவதற்கு முன்பு ராசு அண்ணன் சட்டையைத் தரையில் விரித்து வைக்கிறார். செவலை சுற்றி வருகிறது. நெஞ்சுப் பக்கத்தை முகர்கிறது, பின்வாங்குகிறது, திரும்ப வந்து முகர்கிறது, ஓரத்தைப் பல்லால் இழுத்துப் பார்க்கிறது. கொல்லையில் ஆட்கள் காத்திருப்பார்கள். ராசு அண்ணன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, குந்தியிருப்பார். அது தானாகத் தலையை நுழைக்கும்வரை, வண்டி வந்துடும் என்று அதனிடம் யாரும் சொல்வதில்லை.